சஹானாவும் ஓர் இத்தாலியரும்



பலெர்மோவில் கணினி படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால் 'ஃபிரேம்வேர்க்' என்ற சொல் கட்டாயம் வரும். பெற்றோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது என்னவென்று இன்று கொஞ்சம் பார்ப்போம்.

இணையத்தளத்தில் பெயர் பதிகிறோம், கடவுச்சொல் கொடுக்கிறோம், படிவம் நிரப்புகிறோம். இவை எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வேலைகள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் இவற்றை அடியிலிருந்து தாங்களே எழுதினார்கள். பிறகுதான் பொதுப் பகுதியை ஒருதரம் ஒழுங்காக எழுதிவைத்து, அதன்மேல் அவரவர் தேவைக்கேற்பக் கட்டும் வழக்கம் வந்தது. அந்த ஆயத்தச் சட்டகம்தான் ஃபிரேம்வேர்க். ஜாவா மொழியில் 2000ஆம் ஆண்டில் ஸ்ட்ரட்ஸ் வந்தது, பின்னர் ஸ்பிரிங் வந்தது. பெரிய நிறுவனங்கள் பல இவற்றின்மேல்தான் தங்கள் தளங்களைக் கட்டின.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, மட்டக்களப்பு, அம்பாறை என்று எங்கள் கரை முழுவதும் அழிந்தது. இலங்கையில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எங்கே என்ன தேவை என்பதை ஓரிடத்தில் பார்க்க வழியில்லை. அப்போது இலங்கையின் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து, சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. (நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் 2005 ஜூனில்தான் கையெழுத்தானது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. தொண்டர்களுக்கு இருந்த வேகம் ஆட்சியாளர்களுக்கு இருக்கவில்லை.)

சஹானாவை இலவசமாக, மூலநிரலோடு உலகுக்குக் கொடுத்தார்கள். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது.

முதற் சஹானா பீ.எச்.பீ. மொழியில் அவசரத்தில் பிறந்தது. ஆனால் ஒவ்வோர் அனர்த்தத்திலும் படிவம் மாறும். வெள்ளத்துக்கு ஒன்று, நிலநடுக்கத்துக்கு வேறொன்று. ஒரு கேள்வியைச் சேர்க்க நாட்கணக்காகக் குந்தியிருக்க முடியுமா? ஆகவே 'சஹானா ஈடன்' என்ற புதிய வடிவத்தைப் பைதன் மொழியில், வெப்2பை என்னும் சட்டகத்தின்மேல் கட்டினார்கள். அதில் தரவு அட்டவணையை ஒருதரம் விவரித்தால் போதும். சேமிப்பிடம், படிவம், பிழை பார்ப்பது எல்லாவற்றையும் சட்டகமே செய்துவிடும். 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கம் வந்தபோது இந்த ஈடன்தான் களத்தில் இறங்கியது. வெப்2பையை 2007இல் வெளியிட்டவர் மாசிமோ தி பியேரோ, சிக்காகோவில் டிபோல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஓர் இத்தாலியர். எங்கள் கரையில் அடித்த அலைக்காகத் தொடங்கிய வேலைக்கு இந்த நாட்டு மனிதர் ஒருவர் அடித்தளம் கொடுத்திருக்கிறார் என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு நிறைவு வந்தது.

பொதுச் சட்டகத்தில் ஆபத்தும் உண்டு. ஒரே பூட்டைப் பல வீட்டுக்குப் போட்டால், அதைத் திறக்கத் தெரிந்த கள்வனுக்கு எல்லா வீடும் ஒன்றுதான். 2017 மார்ச்சில் ஸ்ட்ரட்ஸில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அதை அடைக்கும் திருத்தமும் வெளியானது. அமெரிக்காவின் ஈக்விபாக்ஸ் நிறுவனம் அதைப் போடவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் விபரங்கள் திருட்டுப்போயின.

சட்டகம் செய்யாத வேலை ஒன்றும் இருக்கிறது. இங்கே படிவங்களில் 'கொன்யோமே', 'நோமே' என்று இரண்டு பெட்டிகள். அப்பாவின் பெயரை எதில் எழுதுவது என்று நாங்கள் எல்லோரும் தடுமாறியிருக்கிறோம். கடவுச்சீட்டில் ஒருமாதிரி, வதிவிட அனுமதியில் இன்னொருமாதிரி. முகாம் பதிவில் இப்படி நடந்தால், தேடப்படும் ஆள் பட்டியலில் இருந்தும் கிடைக்கமாட்டார். எத்தனை பெட்டி, என்ன கேள்வி என்பதைத் தீர்மானிப்பவர் அதை எழுதும் ஆள்தான். சஹானா ஈடனின் மூலநிரல் இன்றும் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. பைதன் படிக்கும் பிள்ளைகள் அதில் ஆட்களின் பெயர் எப்படிப் பதியப்படுகிறது என்று ஒருதரம் திறந்து பார்க்கலாம்.