காப்பது கருவியா, கவனமா?

நடுவர் அவர்களே! கணினியில போட்டாச்சுன்னா பத்திரம்னு எதிரணி அம்மா அடிச்சுப் பேசினாங்க. 1998இல் 'டாய் ஸ்டோரி 2' படம் உருவாகிக்கொண்டிருந்த பிக்ஸார் நிறுவனத்தில் ஒரே ஒரு தவறான கட்டளை. படத்தின் பெரும்பகுதி அழிந்தது! மாற்றுப் பிரதி இருக்கேன்னு போனா, அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. காப்பாற்றியது எது தெரியுமா? கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு தாயின் வீட்டுக் கணினி! (கைதட்டல்)

அதனால சொல்றேன். மூன்று பிரதி வேண்டும். இரண்டு வகைச் சாதனத்தில் வேண்டும். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும். எடுத்து வச்சா மட்டும் போதாது, அப்பப்போ திறந்து பாருங்க! மறைந்த அம்மாவின் குரல் ஒரே கணினியில் இருந்தால், அது பழுதானபின் அந்தக் குரலை எந்தக் கடையில் வாங்குவீங்க? காப்பது கருவியல்ல, கவனமே என்று கூறி அமர்கிறேன்.