கதவு திறந்தது, பெஞ்சு பிரிந்தது

(பெண் அறிவியலாளர்கள் குறித்த ஒரு கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போலந்து, கதிரியக்கம், பெண் என்றதும் நமக்கு மேரி கியூரிதான் நினைவுக்கு வருவார். நான் பேச வந்தது அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த இன்னொரு போலந்துப் பெண்ணைப் பற்றி: அலிட்சியா தொராபியால்ஸ்கா.

1897இல் பிறந்தவர். மாஸ்கோவில் பெண்களுக்கெனத் தனியாக நடந்த உயர்கல்வி வகுப்புகளில் படித்தார். 1918இல் வார்சா திரும்பி, பேராசிரியர் ஷ்வியென்டோஸ்வாவ்ஸ்கியிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1922இல் முனைவர் பட்டம். 1925இல் பாரிஸ், மேரி கியூரியின் ரேடியம் நிறுவனம்.

கதிரியக்கப் பொருள் தானாகவே வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கிராம் ரேடியம் மணிக்கு ஏறத்தாழ 100 கலோரி தரும் என்று 1903இலேயே அளந்துவிட்டார்கள். அதைவிடப் பலமடங்கு குறைவான வெப்பத்தை எப்படி அளப்பது? அதற்கான நுண்கலோரிமானியில்தான் தொராபியால்ஸ்கா தேர்ந்தவர். யாரும் உணராத சூட்டைப் பொறுமையாக அளப்பது அவர் வேலை.

1934இல் லிவிவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அந்த நிறுவனத்தின் முதல் பெண் பேராசிரியர். பெரிய வெற்றிதான். நம் பேச்சுகள் வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டலோடு முடிந்துவிடும்.

முடிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு, 1935 டிசம்பரில், அதே கல்லூரியில் யூத மாணவர்களுக்குத் தனி பெஞ்சு ஒதுக்கப்பட்டது. ‘கெட்டோ பெஞ்சு’ என்று வரலாறு அதைச் சொல்கிறது. அதில் உட்கார மறுத்த மாணவர்கள் வகுப்பு முழுவதும் நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள். 1937இல் கல்வி அமைச்சகமே இதற்கு அனுமதி கொடுத்தது. அப்போது கல்வி அமைச்சர் யார் தெரியுமா? ஷ்வியென்டோஸ்வாவ்ஸ்கி. ஆம், தொராபியால்ஸ்காவின் அதே பேராசிரியர்.

பள்ளியில் கோணிச்சாக்கில் உட்கார வைக்கப்பட்ட அம்பேத்கரைப் படித்த நமக்கு, அந்த பெஞ்சு என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லோரும் பணிந்துவிடவில்லை. அதே நகரின் பல்கலைக்கழகத் துணைவேந்தர், தாவரவியலாளர் ஸ்தானிஸ்வாவ் குல்சின்ஸ்கி, அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாகப் பதவியை விட்டு விலகினார். அவரும் அறிவியலாளர்தான். அறிவியல் படித்தால் தானாகவே சமத்துவ உணர்வு வந்துவிடும் என்ற நம்பிக்கையை இந்த இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்தே உடைக்கிறார்கள்.

போருக்குப் பின் லிவிவ் போலந்தின் கையை விட்டுப் போனது. தொராபியால்ஸ்கா வூச் நகருக்குப் போய், புதிய தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் துறையைக் கட்டியெழுப்பினார். 1975இல் மறைந்தார்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. ‘முதல் பெண்’, ‘முதல் தலித்’ என்று நாம் கொண்டாடும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒருவருக்குக் கதவு திறந்த அதே காலத்தில், அந்த வகுப்பறையில் யார் நிற்க வைக்கப்பட்டார்கள்? நாளை நம்மில் சிலர் பேராசிரியர் ஆவோம். அன்று நம் வகுப்பில் யார் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம்.

ஜெய்பீம்.