விரல் மடங்கலைன்னா வேலை நிக்கணுமா?

பக்கவாதம், முடக்குவாதம், விபத்து... காரணம் எதுவானாலும், விரலில் பிடிமானம் குறைந்தவரிடம் அலுவலகத்தில் முதலில் கேட்பது, "இனிமே முடியுமா?" கேட்க வேண்டியது, "எந்த வேலையில சிரமமா இருக்கு?"

காப்பி எடுக்க கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தணும். ஒரு கை மட்டும் இயங்குபவருக்கு இது பெரும்பாடு. விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையை 5 முறை தட்டுங்க. 'ஸ்டிக்கி கீஸ்' வேணுமான்னு கேட்கும். சம்மதம் தந்தால், விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும். செலவு ஒரு பைசா இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு தமிழ்99 விசைப்பலகை நல்லது. கிரந்த எழுத்துகளுக்குத்தான் பெரும்பாலும் ஷிப்ட் தேவைப்படும். 'அம்மா' என்று அடிக்க 'ம'வை இரண்டு தடவை தட்டினால் முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழும். வலிக்கிற விரலுக்கு ஒரு தட்டு மிச்சமாவது சின்ன விஷயமில்லை.

போனில் குரல்வழித் தட்டச்சு இருக்கே என்பீர்கள். இருக்கு. ஆனா பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் மனுதாரரின் விவரத்தைச் சத்தமாகச் சொல்ல முடியுமா? அதனாலதான், எந்தக் கருவியையும் அவர் மேசையிலேயே, அவர் கையாலேயே சோதித்த பிறகு வாங்கணும்.

பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆனவரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஏற்ற வசதி செய்து தரவும் சொல்கிறது. வாய்வார்த்தையாகக் கேட்காதீங்க. என்ன வேணும், எந்த வேலைக்கு வேணும்னு எழுதிக் கொடுங்க. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்க.