சபை பாடத் தகுந்த பாட்டு



ஆலயத்தில் பாடும் பாட்டு, ஒருவர் பாடப் பலர் கேட்கும் கச்சேரியன்று. கூடியிருப்போர் அனைவரும் ஒரே குரலாய், தாம் சொல்வது இன்னதென்று அறிந்து, இறைவன் திருமுன் செய்யும் விண்ணப்பம் அது. ஞாயிறுதோறும் கிறிஸ்தவ ஆலயங்களில் பாடுவதற்குரிய பாட்டுக்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்நாளில் பெரும்பாலும் பாடகர் குழுவிலுள்ள உங்களைப் போன்ற இளைஞர்களிடமே வந்து சேர்கிறது. அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன்.

நம் திருச்சபைகளில் இருவகைப் பாட்டுக்கள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. ஜெர்மானிய, ஆங்கிலப் பாடல்களை மொழிபெயர்த்து மேனாட்டு மெட்டிலேயே பாடுவது ஒருவகை. இவற்றை ஞானப்பாட்டு என்றும் பாமாலை என்றும் சொல்வர். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலியோர் இதற்கு வித்திட்டனர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில், நம் இராக தாளங்களில் இயன்ற கீர்த்தனைகள் மற்றொருவகை. இதில் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). நாட்டு மக்கள் நன்கறிந்த குறவஞ்சி வடிவத்தையே எடுத்துக்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர் அவர். மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர், சாஸ்திரியாரின் பாடல்களைப் பெரிதும் தழுவி, 1853-ல் ஒரு கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். வெளிநாட்டவராகிய அவரே, தமிழர் தமிழிசையில்தான் மனமுருகிப் பாடுவர் என்று உணர்ந்திருந்தார்!

இன்று இவ்விரண்டோடு, மின்விசைக் கருவிகளின் முழக்கத்தோடு புதிய பாட்டுக்கள் மூன்றாம் வகையாகப் பெருகிவிட்டன. புதியது என்பதற்காக எதையும் தள்ளவேண்டுவதில்லை. சாஸ்திரியார் பாட்டும் ஒரு நாளில் புதியதாகவே இருந்தது. பழமை, புதுமை என்ற அளவுகோலை விடுத்து நான்கு வினாக்களை எழுப்பிப் பாருங்கள்.

முதலாவது, மெட்டை நீக்கிவிட்டால் பாட்டில் எஞ்சுவது என்ன? சொற்களை மட்டும் ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஒரே சொற்றொடர் பத்துமுறை வருவதன்றி வேறு கருத்து இல்லையெனில், அப்பாட்டு தாளத்தால் மட்டுமே நிற்கிறது. பொருளைவிட இசையே தம்மை மிகுதியாக உருக்கியபோது தாம் வருந்தியதாகப் பெரியார் அகுஸ்தீன் தமது வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். எனினும், இசையை விலக்கவேண்டும் என்று அவர் முடிவு கூறவில்லை. இசை பொருளுக்கு ஊழியம் செய்யவேண்டும், அவ்வளவே.

இரண்டாவது, மெட்டு தமிழைச் சிதைக்கிறதா? தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும். 'கல்' நீண்டால் 'கால்'. 'படு' நீண்டால் 'பாடு'. பிறமொழி மெட்டில் தமிழ்ச்சொல்லை வலிந்து திணிக்கும்போது, குறில் இழுக்கப்பட்டு நெடிலாகிறது. ஒரு சொல் பாதியில் முறிந்து மறு அடிக்குப் போய்விடுகிறது. கேட்போர்க்கு ஓசை விளங்குமேயன்றிப் பொருள் விளங்காது.

மூன்றாவது, எல்லாரும் பாட இயலுமா? பயின்ற பாடகர் எட்டும் உச்சக்குரலை வயது முதிர்ந்த ஒரு தாயார் எட்டமாட்டார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். ஓர் ஆராதனையில் புதுப்பாட்டு ஒன்று போதும். ஏனையவை சபை அறிந்தவையாக இருக்கட்டும்.

நான்காவது, இதுவே முக்கியமானது: இங்கே, இன்று, இம்மக்கள் இதை உண்மையாகச் சொல்ல முடியுமா? சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தை எண்ணிப் பாருங்கள். பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் வட்டாரம் இது. வட திருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று ஊழியம் புரிந்த ராக்லண்ட் ஐயர் 1858-ல் உயிர்நீத்தது சிவகாசியில்தான். எழுத்தறியாதோர்க்கு மனத்தில் பதிந்த பாட்டுக்களே வேதநூலாக விளங்கும். அப்பாட்டுக்கள் பொய் கூறலாமோ?

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். அத்தகைய துயரத்திற்கு அடுத்த ஞாயிறன்று, நம்பினோர்க்கு ஒரு தீங்கும் வாராது என்று ஆர்ப்பரிக்கும் பாட்டை ஒரு சபை பாடினால், மகனை இழந்த தாய் அங்கே எவ்வாறு வாய்திறப்பாள்? அவள் நம்பிக்கை குறைந்தவள் என்றன்றோ அப்பாட்டு மறைமுகமாகக் குற்றஞ்சாட்டும்? வேதாகமத்தின் சங்கீதங்கள் 150. அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, துன்பத்தில் கடவுளை நோக்கி முறையிடுபவை. இஸ்ரவேல் மக்கள் அழுகையையும் ஆலயத்திற்குள் கொண்டுவந்தனர். நம் பாட்டுப் புத்தகத்திலும் அழுவோர்க்கு இடம் வேண்டும். மகிழ்ச்சிப் பாட்டு வேண்டாவென்று சொல்லவில்லை. மகிழ்ச்சிப் பாட்டு மட்டும் போதாது என்கிறேன்.

ஆகவே ஒரு சிறு வேலையை உங்களிடம் ஒப்புவிக்கிறேன். ஒரு நோட்டுப்புத்தகத்தில், ஓராண்டு முழுவதும் உங்கள் ஆலயத்தில் பாடிய பாட்டுக்களைத் தேதியிட்டு எழுதி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பொருளைக் குறியுங்கள்: துதி, பாவ அறிக்கை, நன்றி, துயரம், ஏழைக்கு நீதி, அயலான்மீது அன்பு. ஆண்டின் இறுதியில் எந்தப் பத்தி நிறைந்திருக்கிறது, எந்தப் பத்தி வெறுமையாயிருக்கிறது என்று பாருங்கள். வெறுமையாயுள்ள பத்திக்கு ஏற்ற பாட்டைப் பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் தேடுங்கள். அங்கும் இல்லையேல், தமிழ் அறிந்த உங்களுள் ஒருவர் அதை எழுதத்தான் வேண்டும்.

ஆவியோடு கருத்தும் சேரவேண்டும் என்று பவுல் அடிகள் கொரிந்து நகரத்தார்க்கு வற்புறுத்தினார். கருத்தறிந்து பாடும் பாட்டே நோயிலும், மூப்பிலும், தனிமையிலும் புத்தகமின்றித் தானே நாவில் எழும். அத்தகைய பாட்டுக்களை உங்கள் சபைக்குத் தேடித் தருவீர்களாக.