பாடியவர் யார்? பயிரிட்டவர் யார்?

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

   

காணிப் பிரச்சினை பேசவேண்டிய மேடையில் இசைக் காணொளி பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாம் பேசப்போவதும் காணியைப் பற்றியே. ஆயின் ஒரு பாட்டின் வழியாக அங்கே செல்ல விரும்புகின்றோம்.

2021 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7 ஆந் திகதி ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாடற் காணொளி வெளிவந்தது. அறிவு எழுதினார், அவரும் தீயும் பாடினர், சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார், அமித் கிருஷ்ணன் காட்சிகளை இயக்கினார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதைக் கண்டனர். வன்னியிலும் முச்சக்கர வண்டிகளில் அது ஒலித்தது. கல்யாண வீடுகளில் எமது பிள்ளைகள் அதற்கு ஆடினர். யாருடைய கதைக்கு ஆடினோம்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்து, பின்னர் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு மூதாட்டியின் கதைக்கு ஆடினோம். அம்மூதாட்டி அறிவின் பாட்டியார்.

அப்பாட்டின் உருவத்தைக் கவனியுங்கள். ஒப்பாரியின் குரலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ராப்பும் அதிலே அருகருகே நிற்கின்றன. தலைப்பிலேயே ஆங்கிலச் சொல்லொன்றும் ‘என் சாமி’ என்ற தமிழ் விளியும் மோதிக்கொள்கின்றன. இவ்வாறு பழையதையும் புதியதையும், உயர்ந்தது எனப்பட்டதையும் தாழ்ந்தது எனப்பட்டதையும் கதம்பமாகத் தொடுப்பதைப் பின்நவீனத்துவம் என்பர் அறிஞர். 1979 இல் பிரெஞ்சு நாட்டு லியோதார் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். பெருங்கதைகள் மீது நம்பிக்கையற்றுப்போன நிலையே இதன் இலக்கணம் என்றார். 1981 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவில் எம்.ரி.வி. தொலைக்காட்சி தொடங்கியபின், இப்போக்கு இசைக் காணொளிகளிலே தழைத்தது.

கலப்பைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அரசன் கொலுவிருக்கும் கூத்துக் களரியிலே கட்டியகாரன் புகுந்து ஊர்ச்செய்தி பேசிச் சிரிக்க வைப்பதை நாம் காணாததா? ஆயின் அக்கூத்துக்கு ஓர் அண்ணாவியார் உண்டு; அவர் பெயரை ஊர் அறியும். ஆக்கியோனே இல்லை, மூலமே இல்லை, யாவும் பிறவற்றின் பிரதிகளே என்று இக்கொள்கையினர் சிலர் சொல்லும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு உதாரணம் கூறுவோம். சிறுபராயத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து, போரினால் இலண்டனுக்குச் சென்ற மாயா அருள்பிரகாசத்தை உலகம் எம்.ஐ.ஏ. என்று அறியும். 2015 இல் அவர் ‘போர்டர்ஸ்’ என்னும் காணொளியைத் தாமே இயக்கி வெளியிட்டார். அகதிகள் வேலியில் ஏறுகின்றனர். படகுகளில் நெருங்கி நிற்கின்றனர். அவர் அணிந்திருந்ததோ பாரிஸ் உதைபந்தாட்டக் கழகமொன்றின் சட்டை. அதிலிருந்த விளம்பரத்தில் ஒரு சொல்லை மாற்றிக் கடற்கொள்ளையர் என்று பொருள்படச் செய்திருந்தார். கேலியும் போலியும் கலந்த இதுவே பின்நவீனத்துவ உத்தி. நடந்தது என்ன? காணொளியை நீக்குமாறு கழகத்திடமிருந்து கடிதம் வந்தது! சட்டைக்கு உரிமையாளர் உண்டு. அவருக்காகக் கேட்க ஆள் வந்தது. வேலியில் ஏறிய மனிதனுக்காகக் கேட்பவர் யார்? 2009 இல் செட்டிகுளத்து முட்கம்பிக்குள் வைக்கப்பட்டிருந்த எமக்கு இக்கேள்வி புதிதன்று.

மற்றைய உதாரணம் அறிவின் பாட்டே. 2021 ஓகஸ்டில் ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு அப்பாடலையும் ‘நீயே ஒளி’ என்ற பாடலையும் போற்றி அட்டைப்படம் வெளியிட்டது. இரு பாடல்களையும் எழுதியவர் அறிவு. அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவரின்றியே அப்பாட்டு அரங்கேறியது. அறிவு தம் குறையை எழுதினார். தாம் அவர் பங்கை மறைத்ததில்லை என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் விடையிறுத்தனர். 2024 மார்ச்சில், அப்பாட்டினால் தங்களுக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே கூறினார். அவர்கள் வழக்கில் தீர்ப்புக் கூறுவது எமது வேலையன்று. ஆக்கியோன் பெயர் கரையத் தொடங்கினால் முதலிற் கரைவது எளியவன் பெயரே. இது மட்டும் எமக்குத் தெளிவு.

இனி அம்மூதாட்டியின் கதைக்கு வருவோம். 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1949 இல் அவர்தம் வாக்குரிமையும் பறிபோயிற்று. அவ்வேளை தமிழ்ப் பிரதிநிதிகளுள் ஒரு சாரார் அரசாங்கத்தோடு நின்றனர். செல்வநாயகம் அவர்கள் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியதற்கு இதுவும் ஒரு காரணம். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். மந்தையைப் பங்கிடுவோனும் மாட்டின் முகம் பார்ப்பான். இவர்கள் யார் முகத்தைப் பார்த்தார்கள்?

கப்பலேறாதவர் பலர் 1977 வன்செயலின்பின் எமது வன்னிக்கு வந்தனர். காந்தீயம் அமைப்பை நடத்திய கட்டிடக்கலைஞர் டேவிட் அவர்களும் டாக்டர் இராசசுந்தரம் அவர்களும் அவர்களைக் குடியமர்த்தினர். 1983 இல் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். வந்த மக்களோ காடு வெட்டினர், கிணறு தோண்டினர், எமது வயல்களிற் கூலிக்கு உழைத்தனர். நாம் அவர்களை எப்பெயரால் அழைத்தோம்? மேடையில் ‘தொப்புள்கொடி உறவு’ என்றோம். வேலியருகே வேறு பெயர் சொன்னோம். அப்பெயரை இங்கே உச்சரிக்க நாம் விரும்பவில்லை. உங்களுக்கு அது தெரியும்.

பெருங்கதைகளை ஐயுற வேண்டும் என்ற அளவில் பின்நவீனத்துவத்தை நாம் ஏற்கின்றோம். அரசு சொல்லும் பெருங்கதையை ஐயுறுவோம். அந்நெஞ்சத்தோடே எமது பெருங்கதையையும் ஐயுறுவோம். ஆனால் நடந்த நிகழ்ச்சியை ஐயுறேல்! ‘ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மை’ என்ற பேச்சு கலை மண்டபத்திற்கு அழகாகலாம். காணாமற் போன மகனைத் தேடும் தாயிடமும், காணிக் கச்சேரியில் நிற்கும் ஏழையிடமும் அதைச் சொல்லமுடியுமா?

எமது நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஒரு வியப்பு உண்டு. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிற்று. அதனை அடுத்த 36 ஆம் இலக்கச் சட்டம் புலமைச் சொத்துச் சட்டம். ஆக்கியோன் தன் ஆக்கத்துக்குப் பெயர் கோரும் உரிமையை அது காக்கின்றது. மண்ணில் உழைத்தவன் பெயரும் பாட்டை ஆக்கியவன் பெயரும் அடுத்தடுத்த இலக்கத்தில் நிற்கின்றன. எனினும் வன்னியில் அனுமதிப்பத்திரமின்றி வாழும் மலையக வம்சாவளிக் குடும்பங்கள் இன்னும் உள. குடியுரிமை கிடைத்தது; குடியிருக்கும் நிலத்துக்குத் தாள் கிடைக்கவில்லை.

ஆகவே எமது வேண்டுகோள் இரண்டு. கைத்தொலைபேசியில் பாட்டும் காட்சியும் படைக்கும் இளைஞர்களே, எதனையும் கலவுங்கள், எப்படியும் ஆடுங்கள். பாடித்தந்த ஆச்சியின் பெயரையும் ஊரையும் இறுதியில் எழுதாமல் விடாதீர்கள். அதே தொலைபேசியால் ஒவ்வொரு மூத்தவரின் வாக்கையும் பதியுங்கள்: எந்த ஆண்டு வந்தார், எந்தத் துண்டைத் துப்புரவாக்கினார், அக்கிணற்றைத் தோண்டியவர் யார், அத்தென்னையை நட்டவர் யார். சட்டத்தரணிகளே, நில அளவையாளர்களே, மாதத்தில் ஒருநாளை ஊதியமின்றித் தாருங்கள். அவ்வாக்குகளை விண்ணப்பங்களாக்கிப் பிரதேச செயலகத்திற் சேர்ப்போம். காணியுள்ள கமக்காரரே, அயலில் நின்று உழைத்தவனுக்காகச் சாட்சி சொல்ல முன்வாருங்கள். உங்கள் ஒரு சொல் அவனுக்கு ஓர் உறுதிக்குச் சமம்.

அம்மூதாட்டியின் கதையைப் பேரன் பாட்டாக்கினார், உலகம் கேட்டது. பாடப் பேரன் இல்லாத மூதாட்டிகள் இப்பக்கத்து ஊர்களிலே இருக்கின்றார்கள். அவர்கள் பெயரை ஏட்டில் ஏற்றுவது எமது கடன்.