நுரையீரல் கொடை: காலமும் சொல்லும்



மொழிக்கான இம்மேடையில் மருத்துவப் பொருளொன்றைப் பேச நாம் முன்வந்ததற்குக் காரணம் உண்டு. தமிழில் இறப்பைக் குறிக்கும் வழக்குகள் பல மூச்சைச் சார்ந்தவை. ‘மூச்சு நின்றது’ என்கிறோம், ‘மூச்சடங்கியது’ என்கிறோம். ஆனால் மூளைச்சாவு அடைந்தவரின் மார்பு, செயற்கைச் சுவாசக் கருவியால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உறவினர் கண் காண்பது ஒன்று. மருத்துவர் உரைப்பது மற்றொன்று. அவ்விடைவெளியில்தான் நுரையீரல் கொடை பற்றிய கேள்வி எழுகிறது.

முதலில் அவ்வுறுப்பின் பயணத்தைக் காண்போம். இசைவு கிடைத்த பின்னரும் எல்லா நுரையீரல்களும் பயன்படுவதில்லை. நோய்த்தொற்றும் நீர்க்கோவையும் அவற்றை எளிதில் கெடுத்துவிடும். ஆகவே மார்பை எக்ஸ்ரே எடுப்பர்; மூச்சுக்குழலினுள் ஒளிக்குழாயைச் செலுத்திப் பார்ப்பர்; முழு ஆக்சிஜன் அளித்து, அது குருதியில் எவ்வளவு கலக்கிறது என அளப்பர். குருதி வகை பொருந்த வேண்டும்; மார்புக்கூட்டின் அளவும் பொருந்த வேண்டும்.

அதன்பின் இரு குழுக்கள் ஒரே கடிகாரத்தை நோக்கி இயங்குகின்றன. எடுக்கும் குழு, நுரையீரல் தமனி வழியே குளிர்ந்த காப்புக் கரைசலைப் பாய்ச்சுகிறது. காற்று ஓரளவு நிரம்பிய நிலையிலேயே மூச்சுக்குழலை மூடி, உறைகளிலிட்டுப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கிறது. இதயம் வேறொருவருக்குச் செல்வதாயின், இடது மேலறையின் சுவரை இரு உறுப்புகளுக்கும் பயன்படுமாறு பகிர்ந்து வெட்டுவர். மறுபுறம், பெறுபவரின் குழு ‘நுரையீரல் நன்று’ என்னும் தொலைபேசிச் செய்திக்காகக் காத்திருக்கும். சில வேளைகளில் அச்செய்தி வருவதில்லை. ஆயத்தமாக வந்தவர் வீடு திரும்ப நேர்கிறது.

சிறுநீரகம் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும். நுரையீரலுக்கோ வழக்கமான கணக்கு ஏறத்தாழ 6 மணி நேரமே. இக்கணக்கை நீட்டிக்க உழைத்த நகரம் கனடாவின் டொராண்டோ. 1983இல் நீண்டகாலம் பயனளித்த முதல் ஒற்றை நுரையீரல் மாற்று அங்குதான் நிகழ்ந்தது. உடலுக்கு வெளியே நுரையீரலை வெதுவெதுப்பாக வைத்து, கரைசல் பாய்ச்சி, மூச்சுவிடச் செய்து சோதிக்கும் முறையும் அங்கே வளர்ந்தது. 2021இல் ஆளில்லா வானூர்தி ஒன்று, அந்நகரின் மருத்துவமனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நுரையீரலைச் சில நிமிடங்களில் கொண்டு சேர்த்தது. பனிக்கட்டியின் குளிரைவிட 10 பாகை செல்சியஸ் வெப்பநிலை நுரையீரலை நெடுநேரம் காக்கும் என்பதையும் அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினர்.

ஆயினும், ஒரு சொல்லுக்காகக் கழியும் நேரத்தை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. சிங்கப்பூரின் 1987ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இன்று சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகிய நான்கினை உள்ளடக்குகிறது. நுரையீரல் அப்பட்டியலில் இல்லை. ஒருவர் உயிரோடிருக்கும்போதே கொடைக்குப் பதிந்திருக்க வேண்டும்; இல்லையேல், இறப்புக்குப்பின் குடும்பத்தார் இசைய வேண்டும். எனவே, நம் இல்லங்களில் இது முன்னரே பேசப்பட்டதா என்பதே முதல் வினா.

பேசும்போது சொல்லைத் தேர்ந்து பேசுவோம். ‘மூளைச் செயலிழப்பு’ என்றால், சிறுநீரகச் செயலிழப்பைப்போல் அதற்கும் சிகிச்சை உண்டு என்று கேட்பவர் எண்ணக்கூடும். ‘மூளைச்சாவு’ என்பது கடுமையாக ஒலிப்பினும் உண்மையைச் சொல்கிறது. உறுப்பு ‘அறுவடை’ என்பது துயருற்றோரைப் புண்படுத்தும். ‘கொடை பெறுதல்’ என்பதே தகும். ‘மூச்சு இருக்கிறதே’ என்று கேட்கும் தாய்க்கு, ‘அம்மா, அந்த மூச்சு கருவியினுடையது’ என்று கனிவோடும் தெளிவோடும் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆசிரியர்களே, அறிவியல் வகுப்பில் நுரையீரலின் படம் வரையும் நாளில் இச்சொற்களையும் கற்பியுங்கள். மாணவர்களே, இன்றிரவு உணவு வேளையில் பெற்றோரிடம் இதனைக் கேளுங்கள். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முதன்முறையாகக் கேட்கப்படும் கேள்விக்கு விடை காண்பது அரிது. வீட்டில் முன்னரே பேசியிருந்தால், கலங்கிய வேளையிலும் இறந்தவரின் விருப்பம் இன்னதென்று குடும்பம் அறிந்திருக்கும்.