தாயும் தோழியும்

(தங்கவயல் மாலை வகுப்பில் பேசியது)



இன்று புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறேன். பெயரைக் கேட்டதும் பயப்படாதீர்கள். பயந்து வாயை மூடிக்கொள்வதுதான் ஆபத்து.

முதலில் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் படித்தால் ஊரே எதிர்த்த காலம் அது. அவர் சென்னையில் டாக்டருக்குப் படித்து 1912-ல் பட்டம் பெற்றார்.

அவருடைய தங்கைக்குப் புற்றுநோய் வந்தது. 1923-ல் தங்கை இறந்துபோனார். அக்கா டாக்டர்தான். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

முத்துலட்சுமி அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். நிதி சேர்த்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் சென்னை அடையாறில் அந்த மருத்துவமனை திறந்தது. அன்று அங்கே 12 படுக்கைகள்தான். அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா வேலைக்குச் சேர்ந்தார். 2021-ல் இறக்கும் வரை ஏழை நோயாளிகளுக்காகவே உழைத்தார். ஒரு தங்கையின் சாவு எத்தனை உயிர்களைக் காத்தது, பாருங்கள்!

இனி என் அம்மாவைப் பற்றி.

2001-ல் நம் சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. அம்மா விடியற்காலை ரயிலில் பெங்களூர் போவார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். இருட்டிய பிறகுதான் வருவார். வந்ததும் நாங்கள் இருவரும் பேச உட்காருவோம். ரயிலில் நடந்த சண்டை, வேலை வீட்டுக் கதை, சீட்டுப் பணக் கவலை, எல்லாம் என்னிடம் சொல்வார். என் கதையையும் கேட்பார். எனக்கு அவரைவிட நல்ல தோழி கிடையாது.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. மார்பில் ஒரு சின்னக் கட்டி. பிறகு ஒருநாள் சொன்னார்: "வலியே இல்லம்மா. வலிக்காத கட்டிக்கு எதுக்கு ஒருநாள் கூலியை விடணும்?" வெட்கமும் சேர்ந்துகொண்டது. அதற்குள் நோய் பரவிவிட்டது.

பெங்களூரில் சிகிச்சைக்குச் சேர்த்தோம். நான் சொல்லிக்கொடுத்த எழுத்தில் ஆஸ்பத்திரித் தாளில் தன் பெயரைத் தானே எழுதினார். "கைநாட்டு வேண்டாம், எனக்கு எழுத வரும்" என்றார். எட்டு மாதத்தில் போய்விட்டார். இன்றும் இருட்டியதும் என் காது வாசல் பக்கம்தான் இருக்கிறது.

தாய்மார்களே, இவற்றை மனதில் வையுங்கள்:

மார்பில் கட்டி வந்தால், வலிக்காவிட்டாலும் காட்டுங்கள்.
மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் காட்டுங்கள்.
வாயில் ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். புகையிலையை விடுங்கள்.
புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. நோயாளியை ஒதுக்காதீர்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. ஆனால் சோதித்தால்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்குக் குணமாகும். 30 வயது ஆனவர்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகியவற்றைச் சோதிக்க அரசுத் திட்டம் உண்டு. உங்கள் தெரு ஆஷா அக்காவைக் கேளுங்கள். பெங்களூரில் புற்றுநோய்க்கென்றே கிட்வாய் மருத்துவமனை இருக்கிறது. நாம் தினமும் ஏறும் ரயில்தான் அந்த ஊருக்கும் போகிறது.

ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதிக்கலாம். உடம்பில் மாற்றம் தெரிந்தால் மகளிடம் சொல்லுங்கள். மகள் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுத் தோழியிடம் சொல்லுங்கள். என்னிடம் சொன்னாலும் நான் கூட வருவேன்.



கூடிப் பேசுவோம்:
1. அம்மா ஏன் கட்டியைச் சொல்லவில்லை?
2. உங்கள் தெருவில் யாராவது இப்படி மறைக்கிறார்களா? அவருக்கு எப்படி உதவலாம்?